போர்டில் இல்லாத ‘ளி’

தம்பி,

இன்று காலை கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது, வாங்க வந்த பெண் என் சேலையைப் பார்த்து, “என்னக்கா, மடியெல்லாம் உதிர்ந்து கெடக்கு?” என்றாள். குனிந்து பார்த்தால் ரப்பர் துகள். இளஞ்சிவப்பில் மடிப்புக்கு மடிப்பு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டதும் ஸ்ட்ராபெரி வாசம் அடித்தது. உன் மகள் ராய்ப்பூரிலிருந்து வரும்போது பெட்டியில் ஒரு டஜன் கொண்டுவந்தாளே, அந்த ரப்பர்தான். ஏழு மாதத்தில் பதினொன்று தேய்ந்துவிட்டது. ஸ்ட்ராபெரிப் பழத்தை நான் இதுவரை தின்றதில்லை. ஆனால் அந்த வாசம் வந்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. என் பிள்ளைகள் இரண்டையும் படிக்கவைத்து அனுப்பிவிட்டு, இனி கடையும் மூட்டுவலியும்தான் என்று இருந்தவள். இந்த வயதில் மறுபடியும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவேண்டி வரும் என்று யார் கண்டார்கள்? உன்மேல் எனக்குக் கோபம். போய்ச் சேர்ந்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பக்குவமெல்லாம் வரவில்லை.

எத்தனை தடவை போனில் சொன்னேன், பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடு என்று. “வீட்ல தமிழ்தானக்கா பேசுறோம். எழுத்து என்ன பெரிய எழுத்து, ஊருக்கு வந்தா ஒரு மாசத்துல வந்துரும்” என்பாய். பத்தாவதுக்கு முன்னால் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாய். போன மாசியில் உன் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாய். கடையை யாரிடமாவது ஒப்படைக்கும்வரை அங்கேயே இருக்கிறேன் என்று உன் பெண்டாட்டி நின்றுகொண்டாள். பிள்ளை மட்டும் ஒரு பெட்டியோடு திருச்சுழியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது சேர்த்தேன். தலைமையாசிரியை அவளுடைய இந்திப் பள்ளி மதிப்பெண்களைப் பார்த்து மெச்சினார். பிறகு தமிழில் பெயர் எழுதச் சொன்னார். தமிழில் எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் அவள் பயப்படாமல் எழுதினாள்: யாளினி. “பேரே தப்பால்ல இருக்கு” என்றார் அவர். உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா அப்படித்தான கூப்பிடுவாக?” என்று கேட்டாள். வாயில் ழ வராத ஊர்க்காரன், மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தாய்.

தலைமையாசிரியை நல்ல மாதிரிதான். ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். “அரையாண்டு வரைக்கும் பாப்போம்மா. அதுக்குள்ள தமிழ் எழுதப் படிக்க வரலைன்னா ஏழாப்புல உக்கார வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல.” பஸ்ஸில் வரும்போது, பந்தல்குடி விலக்கு நிறுத்தத்தில் கூட்டமெல்லாம் ஏறி இறங்கிய பிறகு, “சின்னப் பிள்ளைககூட உக்கார வச்சா நான் ராய்ப்பூருக்கே போயிருவேன் அத்தை” என்றாள். அங்கே வகுப்பில் முதல் ஆளாக இருந்த பிள்ளை. இங்கே கணக்குகூட ஓடவில்லை. கணக்கு தெரியும், கேள்வியைப் படிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் பாடு. கடையைச் சாத்திவிட்டு வந்து, உலை வைத்துவிட்டு, அடுப்படியிலேயே நோட்டை விரித்து உட்காருவோம். அவள் படித்த இந்தியில் ல ஒன்றே ஒன்றுதானாம். நம் ஆட்கள் மூன்று வைத்திருப்பது அவளுக்கு அநியாயமாகத் தெரிந்தது. எனக்கும் அந்த நேரத்தில் அநியாயமாகத்தான் தெரிந்தது.

ஆடி மாதம் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன், கேள். கூடப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அன்று காய்ச்சல். இவள் தனியாகத் திரும்பி வரவேண்டும். ஒரு மாதமாக எழுத்துப் படிக்கிறாளே, பார்ப்போம் என்று நானே சொல்லி அனுப்பினேன். “யாரையும் கேக்காத. போர்டை எழுத்துக் கூட்டிப் படிச்சு ஏறு. திருச்சின்னு ஒரு பஸ் வரும், அதுல ஏறித் தொலைச்சிராத. நம்ம ஊருக்குக் கடைசியில ளி இருக்கும், பாத்துக்க.”

ஐந்தே முக்காலுக்கு வரவேண்டியவள் ஏழாகியும் வரவில்லை. காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, நான் பஸ் நிறுத்தத்தில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஏழரைக்கு வந்த வண்டியில் கண்ணெல்லாம் வீங்கி இறங்கினாள். கொய்யாப்பழம் விற்கிற அம்மா ஒருத்தர்தான், ரொம்ப நேரமாக நிற்கிறதே பிள்ளை என்று விசாரித்து ஏற்றிவிட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோட்டிலேயே கத்தினேன். “எத்தனை பஸ்ஸு வந்திருக்கும்! கண்ணு என்ன பின்னால பொடதியிலயா இருக்கு?”

“மூணு பஸ்ஸு வந்துச்சு. மூணையும் படிச்சேன்” என்றாள். “நீங்க சொன்ன ளி ஒண்ணுலயும் இல்லத்தை.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் வந்த பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியைப் பார்த்தேன். திருச்சுழி. பிறந்ததிலிருந்து பார்க்கிற எழுத்து. பிறந்ததிலிருந்து திருச்சுளி என்றே சொல்லி வந்திருக்கிறேன். ழியை மனதில் வைத்துக்கொண்டு ளி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பிள்ளை நான் சொன்னதை அப்படியே நம்பி, சொந்த ஊர் பஸ்களை ஒவ்வொன்றாகப் போகவிட்டு இரண்டு மணிநேரம் நின்றிருக்கிறது. ரோட்டிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். பஜாரில் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு பாடம் எனக்கும் சேர்த்துத்தான். நாக்கை மடித்து மேலே கொண்டுபோய், எங்கேயும் படாமல் நிறுத்தி, ழ, ழ என்று இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லுவோம். உன் மச்சான் சாப்பிட உட்கார்ந்தவர், “ஏன் ரெண்டு பேரும் ஆட்டைக் கூப்பிடுறீக?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நீ செத்ததற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டச் சொன்னேன். புளி, எள்ளு, கொள்ளு, மிளகு என்று ளவாகவே இருந்தது நம் கடை. ழவைக் கற்றுக்கொண்ட ஜோரில் அவள் எல்லாவற்றிலும் அதைப் போட்டாள். புழி, மிழகு, உழுந்து. தன்னைப் பற்றி ஒரு வரி எழுது என்றால், “எனக்கு மூழை இல்லை” என்று எழுதிவைத்தாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அதை உண்மையென்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதை அவள் அழிக்கவில்லை. ரப்பரை வாங்கி நானே அழித்தேன்.

உனக்கும் இதேதானே நடந்தது, தம்பி. திருச்சுழியில் ஐந்தாவதுவரை நீதான் வகுப்பில் கெட்டிக்காரன். அருப்புக்கோட்டைப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்ந்ததும் கடைசி பெஞ்சுக்குப் போனாய். அப்போது நான் எட்டாவது. இருவருக்கும் ஒரே பஸ். நோட்டை என் மடியில் வைத்து, “அக்கா, இன்னிக்கு மட்டும்” என்பாய். வாத்தியார் அடித்த கை சிவந்திருக்கும். அதைப் பார்த்தபிறகு நான் என்ன செய்வேன்? உன் எழுத்து இடதுபக்கம் சாயும். நானும் சாய்த்து எழுதப் பழகிக்கொண்டேன். அந்த இன்னிக்கு மட்டும் மூன்று வருடம் ஓடியது. பத்தாவதோடு என்னை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் உனக்கு எழுதித்தர பஸ்ஸில் ஆள் இல்லை. ஒன்பதாவதில் நீ தேறவில்லை. பதினைந்து வயதில் மாமா கடை வேலைக்கென்று உன்னை ராய்ப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார்.

முப்பத்தைந்து வருடத்தில் உன் கையால் எழுதி ஒரு கடிதம் எனக்கு வந்ததில்லை. நேரமில்லை என்பாய். பிறகு செல்போன் வந்தது, நீயும் அதில் பேசிப் பதிந்து அனுப்பினாய், எழுதுகிற பேச்சே இல்லாமல் போயிற்று. உனக்கு எழுத வராது என்று எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொண்டேன்.

இவ்வளவும் தெரிந்தவள், போன ஐப்பசியில் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு மாதப் பாடத்துக்கும் கேள்வி பதில் எழுதி நோட்டைத் திங்கட்கிழமை வைக்கவேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். இன்னும் நாற்பது பக்கம் கிடந்தது. எழுதியபடியே நோட்டின்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். அன்று எனக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. ஒருநாள்தானே என்று நோட்டை உருவினேன். அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதேபோல் உருட்டி உருட்டி எழுதினேன். கை மறக்கவேயில்லை தம்பி, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நான்கு பக்கம் போனபிறகு நிமிர்ந்தால், அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்பாவுக்கும் இப்பிடித்தான் எழுதிக் குடுப்பீகளாக்கும்” என்றாள்.

“யாரு சொன்னா?”

“அப்பாதான். ஒருநாள் கணக்கு ஹோம்வொர்க் எழுதித் தாங்கன்னு கேட்டேன். மாட்டேன்னுட்டாக. எங்கக்கா பாசமா எழுதிக் குடுத்துச்சு, அதான் எனக்கு எழுதவே வரல, நீயே எழுதுன்னாக.”

“கோவமாவா சொன்னான்?” என்று கேட்டேன்.

“இல்லத்தை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வருடம் ஒருமுறை ஊருக்கு வந்து, நான் போட்ட சோற்றைத் தின்று, எங்கக்கா மாதிரி உண்டா என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். தப்புப் பண்ணிட்டேன்டா என்று, நீ உயிரோடு இருக்கும்போதே. அந்த நான்கு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். அவள் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை உன் மச்சானைக் கடையில் உட்காரவைத்துவிட்டு நானே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் மேசையில் நோட்டுக் கட்டுகள் அவர் முகத்தை மறைக்கிற உயரத்துக்கு இருந்தன. “நோட்டு முடியல டீச்சர். முடியவும் முடியாது. இவளுக்குப் படிக்க வந்ததை மட்டும், இவளே எழுதட்டும்” என்றேன்.

“எல்லாப் பிள்ளையும் முடிச்சிருக்கே?”

“முடிச்சிருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் என்னைப்போலவே தூக்கம் போதவில்லை என்று தெரிந்தது. “நாப்பத்தெட்டுப் பிள்ளைக இருக்கு எனக்கு. சரி, தினம் ஒரு பக்கம் எழுதட்டும், நான் தனியாப் பாத்துத் தாரேன். ஆனா அவதான் எழுதணும். பெரியவுக கையெழுத்து எனக்குத் தெரியாம இருக்காது” என்றார். எனக்குக் காது சுட்டது. இவரைப்போல ஒருவர் உனக்கு வாய்த்திருக்கக் கூடாதா?

தினம் ஒரு பக்கம். ஐப்பசியும் கார்த்திகையும் அப்படியே போயின. சில நாள் ஒரு பக்கம் முடிய ஒன்பது மணியாகும். இடையில் நான் வாயைத் திறந்தால், “சொல்லாதீக அத்தை” என்பாள். பேனாவைப் பிடுங்கி நானே எழுதிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வாழ்நாளில் அதைப்போல அலுப்பான வேலை நான் பார்த்ததில்லை. ஒருநாள் டீச்சர் நோட்டில் உழுந்து என்பதைச் சுழித்து, பழைய நூல்களில் இப்படியும் உண்டு என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை. தப்பாக எழுதியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளையை நான் கண்டதில்லை.

அரையாண்டுத் தேர்வில் தமிழில் முப்பத்தொன்று. நான்கு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். மற்றதெல்லாம் தேறியிருந்தாள், கணக்கில் எழுபத்தெட்டு. தலைமையாசிரியை விடைத்தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தமிழ் டீச்சர்தான் பக்கத்திலிருந்து, “ஒம்பதாப்புலயே இருக்கட்டும் மேடம். இவ எழுதிருவா” என்றார். தலைமையாசிரியை சரி என்று தாளை என்னிடம் நீட்டினார். வெளியே வந்ததும் இவள், “நாலு மார்க்கு போச்சே அத்தை, ரெண்டு ழவுல போச்சு” என்று புலம்பினாள். ராய்ப்பூருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விடைத்தாளை ஆற அமரப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல், திருத்தல், சிவப்புச் சுழி. ஒரு வரிகூட என் கை படாதது. உன் நோட்டுகளை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சுத்தமாக இருக்கும் அதெல்லாம்! வாத்தியார் ‘நன்று’ என்று போட்டிருப்பார், நீ அதை என்னிடம் காட்டிச் சிரிப்பாய், நானும் பெருமையாகச் சிரிப்பேன். அந்த நன்றெல்லாம் எனக்கு விழுந்ததுடா. உனக்கென்று ஒரு தப்புக்கூட நான் விட்டுவைக்கவில்லை.