அலமாரிக்குள் ஒரு வாரத்து ரொட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? பேத்தி ரொம்பப் படுத்துகிறாளா? எனக்குக் குளிரும் அலுப்பும்தான், வேறொன்றுமில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு தையல்காரத் தாத்தா. தட்டு காலியாக இருக்கும். கேட்டால், "சாப்ட்டாச்சும்மா, நீ போய் வேலையப் பாரு" என்பார். நானும் நம்பிப் பதிவேட்டில் 'சாப்பிட்டார்' என்றே எழுதிவந்தேன். நேற்று சாக்ஸ் எடுக்க அவர் அலமாரியைத் திறந்தால் ஒரு வாரத்து ரொட்டி.

"எலி வளக்கிறீங்களா?" என்றேன்.

"தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதும்மா."

இன்று என் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். சூப்பை முழுதாகக் குடித்தார்.

நீங்களும் போனில் "சாப்ட்டாச்சும்மா" என்றுதான் சொல்கிறீர்கள். இரவில் பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவள் உள்ளங்கையைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், மார்கழிக் குளிருக்கு அவளுக்குக் கையுறை வாங்கவேண்டும். இனி சாப்பாட்டைப் பற்றி அவளிடம்தான் கேட்பேன். அவளுக்கு இன்னும் பொய் சொல்ல வராது.

தூக்கத்தில் கண் செருகுகிறது.

உங்கள் மகள்