வெள்ளைச்சி மேய்ந்த புல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், உன் உடம்புக்கும் அங்கே ஒரு குறையும் இருக்கக் கூடாது. முயல்கள் இரண்டும் சௌக்கியம் என்று போன ஞாயிறு சொன்னேனே, அது பொய். சின்னவள் வெள்ளைச்சி பத்து நாளாகப் படுத்துக் கிடக்கிறாள். அன்று வீடியோவில் நீ பார்த்த இரண்டும் பெரியவன் கறுங்காதன்தான், இரண்டாம் முறை அவன் காதைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று என்னை முறைத்தாள்.

பொதுமுற்றத்தில் தினமும் ஒரே இடத்தில் மேய விடாதீர்கள் என்று கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாய். நான்தான் அதிமேதாவி ஆயிற்றே. குழாயடிப் புல் தளதளவென்று இருக்கிறது என்று அங்கேயே விட்டேன், போதாததற்குக் கூண்டிலிருந்து கூட்டி அள்ளிய புழுக்கையை எல்லாம் அதே புல்லுக்கு எருவாகக் கொட்டித் தண்ணீரும் ஊற்றினேன். கீழ்வீட்டுத் தையல்காரப் பெண்ணையும், உன் முயல்குட்டியையும் இங்கேயே விடும்மா, இப்படிப் புல் எங்கே கிடைக்கும் என்று கூப்பிட்டது நான்தான். வெள்ளைச்சிக்கு வயிறு உப்பிக் கழியத் தொடங்கியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன் நாய் முற்றத்தை அசிங்கம் பண்ணுவதால்தான் இந்தக் கதி என்று மாடிப்படியில் நின்று அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் அப்போதே நாயைக் கட்டிப்போட்டாள். ஒரு வாரத்தில் அவள் குட்டியும் சுருண்டு, முந்தாநாள் செத்துப்போயிற்று. எல்லாம் என் நாயாலதானே சார் என்று என்னிடமே அழுதாள்.

நேற்று கால்நடை டாக்டர் வெள்ளைச்சியின் புழுக்கையைச் சோதித்துப் பார்த்தார். குடலில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். நாயால் வருகிற புழுக்கள் வேறு, இது முயலிடமிருந்து முயலுக்குத்தான் வரும் என்றார். புழுக்கை ஈரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடுமாம். பெரிய முயல் வெளியே தெரியாமல் சுமந்திருக்கும், குஞ்சு குட்டிதான் தாங்காது என்றார். முப்பது வருடம் அச்சகத்தில் ஊரார் பிழையைத் திருத்தியவன், என் பிழைக்கு நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மகளே.

இரண்டுக்கும் மருந்து கொடுக்கிறோம், காய்ந்த புல்தான் தீனி, கூண்டை அன்றாடம் கழுவிக் காயவைக்கிறேன். வெள்ளைச்சி இன்று காலை இரண்டு வாய் தின்றாள். பிழைப்பாள் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. தையல்காரப் பெண்ணிடம் இன்னும் நான் வாய் திறக்கவில்லை. அந்த நாய் இப்போதும் கயிற்றில்தான் கிடக்கிறது, நான் படியிறங்கினால் வாலை ஆட்டுகிறது. இந்த உறையை ஒட்டியதும் முதலில் அவள் கதவைத் தட்டிவிட்டுத்தான் தபால்பெட்டிக்குப் போவேன்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும். ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. கறுங்காதனை ஒருமுறைதான் காட்டுவேன்.

உன்னிடம் பொய் சொன்ன,
அப்பா