உனக்கு நான் செய்து போட்ட பிறந்தநாள் படம்

பங்காளி, இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கிள்ளானில் வேறு எவனும் சொல்வதற்கு முன்னால் சொன்னவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் இந்தப் போன் ஒரு மனுசனை என்ன செய்யும் என்று டாக்டர்களே என்னிடம் வந்து சந்தேகம் கேட்கலாம்.

இன்று காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் உன் முகம். உனக்கு இன்றைக்குப் பிறந்தநாளாம், வாழ்த்தச் சொல்லி முகநூல் என்னைக் கேட்கிறது. நீ போய்விட்டது தெரியாத சிலர் அதற்குள் கேக்கும் பலூனுமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். "நூறு வருஷம் நல்லா இருங்க அங்கிள்" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். தோசையைத் தள்ளி வைத்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தபோது இதே மாதிரி ஆட்கள் உனக்கு இரங்கல் எழுதினார்களே, அந்த நாள் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது.

ஆரம்பம் உன் தம்பி மகள் கல்யாணம். காஜாங்கிலிருந்து உன் வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை அண்ணன் கையில் கொடுத்திருக்க வேண்டியவன், ஜெஞ்சாரோம் தோட்டத்து ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் படமாகப் போட்டுவிட்டான். தோட்டத்தில் நம்மோடு வளர்ந்த அத்தனை பேரும் இருக்கிற குரூப்.

"ஊருக்கே போட்ட மாதிரி எனக்கும் போடுறானா? நான் கூடப்பொறந்தவன்லா!" என்று கத்தினாய். கல்யாணத்துக்குப் போகவில்லை. சரி, போகாமல் இருந்தாய், பார்க்காமல் இருந்தாயா? மாலை மாற்றியது, மொய் வாங்கியது, தம்பி வாய் நிறையச் சிரித்தது என்று ஒவ்வொரு படத்தையும் விரலால் இழுத்துப் பெரிதாக்கினாய். "பாருடா, நான் இல்லாமயே எவ்வளவு சிரிப்பு" என்றாய். போர்ட் கிள்ளானிலிருந்து ஜொகூர் வரைக்கும் மழையில் லோரி ஓட்டிக் கை நடுங்காதவன், போன் சிணுங்கினால் துள்ளி விழுந்தாய். சிணுங்காவிட்டால் இன்னும் மோசம். அதையே வெறித்துக்கொண்டிருப்பாய்.

உன்னைத் தேற்றத்தான் அந்தப் பிறந்தநாள் படத்தைச் செய்தேன். போனில் படம் செய்வதில் சிலாங்கூரில் எனக்கு நிகர் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்ட உன் படத்தைச் சுற்றிச் செவ்வந்திப் பூ. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. பார்த்தால் கோயில் மாதிரி இருந்தது. பூ பெரிதாகப் போய்விட்டதால் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுத அடியில் கொஞ்சம்தான் இடம் கிடைத்தது. பொடி எழுத்தில் போட்டுக் குரூப்புக்கு அனுப்பினேன்.

முதல் ஆள் 'ஓம் சாந்தி' போட்டார். பிறகு யார் படிப்பார்கள்? 'ஆழ்ந்த இரங்கல்.' 'தங்கமான மனுசன்.' 'எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?' கும்பிடும் கைகளாக வந்து கொட்டின.

நீ போன் செய்தாய். "டேய், என்னைக் கொன்னுட்டியாடா?"

"ஆயுசு கெட்டிலா பங்காளி! மாப்பிள்ளை மாதிரி இருக்கே!" என்று நான் சிரித்தேன்.

குரூப்பில் திருத்திப் போட்டேன். எல்லோரும் மன்னிப்புக் கேட்டுப் பல்லைக் காட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். நீ மோட்டாரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாய். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "யாரு யாரு பார்த்தான்னு காட்டு" என்றாய். அனுப்பியவன் போனில் பார்த்தவர் பெயரெல்லாம் தெரியும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்த மேதாவியும் நான்தான். காட்டினேன். உன் தம்பி பெயர் இருந்தது. முதல் ஆள்களில் ஒருவனாகப் பார்த்திருந்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை.

"அண்ணன் செத்துட்டான்னு பார்த்துட்டு, ஒரு கும்பிடுகூடப் போடலடா."

அதற்குப் பிறகு அந்த மௌனத்திலேயே நீ குடியிருந்தாய். பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கும். உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு நான்தான் உன்னைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். அந்த இளம் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், ஹார்ட் ஓகே. இந்தப் படபடப்பு பயத்துல வருது. நிஜமாவே வருது, நீங்க நடிக்கல. கொஞ்ச நாள் போனைத் தள்ளி வைங்க. மனசு விட்டுப் பேச ஒரு கவுன்சலர்கிட்ட அனுப்புறேன்."

"நானும் இதையேதான் சொன்னேன் டாக்டர்" என்றேன். நீ என்னை முறைத்தாய். "எனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்துவிட்டாய். வெளியே வந்ததும் உன் கை போனைத் தேடிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு உன்னைச் சாப்பிடக் கூட்டிப்போனது அந்த வாரம்தான். கொம்யூட்டர் ரயிலில் வழி முழுக்க நீ தலை நிமிரவில்லை. கடையில் இலை போட்டார்கள், சோறு வந்தது, உனக்குப் பிடித்த நண்டு வந்தது. நீ போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாய். குழம்பு ஆறி ஆடை கட்டியது.

"என் நெஜ சாவுக்கும் அவன் இப்படித்தான் பார்த்துட்டுப் போயிடுவான்" என்றாய். உதடு வெளுத்திருந்தது. உன்னைப் பறிகொடுத்துவிடுவேன் என்று அப்போதுதான் பயந்தேன்.

அப்போது சொன்னேன்: "அவன் எனக்குப் போன் பண்ணினான்டா. அந்தப் படத்தைப் பார்த்த உடனே. 'எங்கண்ணன் போயிட்டாரா?'ன்னு அழுதான் பாரு, என் காதே நனைஞ்சு போச்சு. 'பத்திரிகையைக் கையில கொடுக்காம விட்டுட்டேனே'ன்னு ஒரே புலம்பல். உன்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான். அதான் சொல்லல."

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு போனை எடுத்து, அங்கேயே அவன் நம்பரை அழுத்தினாய். எனக்கு இலையும் தெரியவில்லை, சோறும் தெரியவில்லை.

"டேய், நான் உசுரோடதாண்டா இருக்கேன்."

"சாப்டியாண்ணே?" என்று தம்பி கேட்டது என் காதிலும் விழுந்தது.

நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாய். ரசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பி தாம்பாளத்தோடு உன் வீட்டு வாசலில் நின்றான். வெற்றிலை, பாக்கு, பழம், என்றைக்கோ நடந்து முடிந்த கல்யாணத்தின் பத்திரிகை. நீ அதை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாய். அப்புறம் அந்தப் பெண் டாக்டர் சொன்ன இடத்துக்கும் போனாய், என்னிடம் மறைத்துக்கொண்டு. எனக்குத் தெரியும்.

போன வருஷம் நீ நிஜமாகவே போனபோது நான் படம் எதுவும் செய்யவில்லை. உன் வீட்டுப் பந்தலில் தம்பி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க போட்டீங்களே ஒரு படம். பூவைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா கீழ பொடி எழுத்துல பிறந்தநாள்னு இருந்துச்சு, படிச்சுட்டேன். வாழ்த்து எழுதினேன், அழிச்சேன், திரும்ப எழுதினேன். கல்யாணத்துக்கே வராதவரு, இதுக்கும் கோவிச்சுக்குவாரோன்னு பயம். அதுக்குள்ள எல்லாரும் ஓம் சாந்தி போட்டுட்டாங்க. நடுவுல நான் மட்டும் எப்படிண்ணே ஹேப்பி பர்த்டே போடுறது?"

அத்தனை பேரில் அந்தப் படத்தை ஒழுங்காகப் படித்தவன் அவன் ஒருவன்தான், பங்காளி. கிள்ளானில் நீயும் காஜாங்கில் அவனும் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு ஒரே பயத்தில் வேர்த்திருக்கிறீர்கள்.

உன் படபடப்பு இப்போது எனக்கும் வருகிறது. மகனுக்கு ஏதாவது அனுப்பினால், பார்த்துவிட்டான் என்று நீல டிக் விழும், பதில் வராது, நெஞ்சு அடித்துக்கொள்ளும். எழுதி எழுதி அழித்துக்கொண்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படியும் அடங்காவிட்டால் கூப்பிட்டு, "சாப்டியாடா?" என்று கேட்டுவிடுவேன்.

நீ சும்மா இருக்க மாட்டாய், யோசித்திருப்பாய். பிறந்தநாள் என்று தெரிந்தவன் எதற்காக அழுதுகொண்டு எனக்குப் போன் செய்தான் என்று கேட்பாய். மற்றதெல்லாம் நான் சொன்னபடிதான், அங்கங்கே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்தப் போன் மட்டும் வரவே இல்லை, பங்காளி.