மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தூறல். நாத்தனாரைப் பிசியோதெரபிக்கு அழைத்துச் சென்று திரும்பினேன். முழங்கால் இன்று சற்றுக் கூடுதலாக மடங்கியதாம். பயிற்சி தரும் பெண் கைதட்டினாளாம். "பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம் ஜெயிச்சப்போ கைதட்டினாங்க, அண்ணி. இப்போ காலை மடக்கினதுக்குத் தட்டறாங்க. காலம்!" என்று காரில் ஏறும்போது சொன்னாள்.

எழுபதைக் கடந்த பின்னும் குடும்பத்தில் இவளுக்குப் பொடிசு என்றுதான் பெயர். என் கணவரின் கடைசித் தங்கை. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அறுவை சிகிச்சைக்காக ஒரு மாதம் என்று சொல்லி என் வீட்டுக்கு வந்தவள், மழைக்காலம் முழுவதையும் இங்கேயே கழித்துவிட்டாள். இரு என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எது என் விருப்பம் என்பதை அவளாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன் போலும்.

திரும்பும் வழியில், மேட்டுச் சாலையில், காருக்குள் அழுகிய முட்டை நாற்றம். கண்ணாடியை இறக்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

மீண்டும் அதே மேடு, அதே நாற்றம்.

பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். காரில் இருப்பவர்கள் இருவர். நாற்றத்துக்குக் காரணம் நான் இல்லை. ஆகவே —

ஆகவே என்பதற்குப் பின்னால் எழுத நாகரிகம் தடுக்கிறது. பாவம், அவளுக்குத் தெரிய வழியே இல்லை. எப்போதோ வந்த ஒரு காய்ச்சல் அவளது மோப்பத்தை முற்றிலுமாகக் கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ரோஜாவை மூக்கருகே நீட்டினாலும் ஒன்றுதான். அறுவைக்குப் பின் விழுங்கும் மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்திருக்க வேண்டும். வீட்டில் ஏன் நாறுவதில்லை என்ற கேள்வியும் எழுந்தது. காரில் சீட் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது. விளக்கம் எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

முட்டை, முட்டைக்கோஸ், முள்ளங்கி மூன்றும் சமையலறையிலிருந்து விடைபெற்றன. ஏன் என்று கேட்டாள். "எனக்கு ஒத்துக்கலை" என்றேன். என் வயிறு கல்லையும் கரைக்கும் என்பது அவள் அறியாததன்று.

மார்ச் 11, செவ்வாய்

பொடிசு என் காருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாள். கவனித்தால் ஒழுங்காக இருக்கும், கவனிப்புக் கொஞ்சம் குறைந்தால் முறுக்கிக்கொள்ளும் என்பதால். இன்று மாப்பிள்ளை மேடேற மறுத்துவிட்டார். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முனகல்தான் மிச்சம். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவேயில்லை.

"மரியாதையில ஏதாவது குறை வெச்சிட்டீங்களா, அண்ணி?"

"பெட்ரோல் நிறைய வெச்சிருக்கேன். அதுக்கு மேல மரியாதை என் வழக்கம் இல்லை."

ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்றும் எரிந்தது. மாலையில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஏர் ஃபில்டரை மாற்றினார், விளக்கை அணைத்தார், "இனிமே குதிரை மாதிரி பறக்கும் மேடம்" என்றார். வீடு வரையில் பறக்கவில்லை. நாற்றத்தைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. நாத்தனாரின் வயிற்றுக் கோளாறை மெக்கானிக்கிடம் முறையிடுவது என்ன பண்பு?

மார்ச் 14, வெள்ளி

அவள் காலையில் இருமுறை குளித்தாள். புறப்படும் முன் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்து, வழி முழுவதும் ஜன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். மேடு வந்ததும், நான் கை வைப்பதற்கு முன்பே, தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூக்கு வேலை செய்யாதவளுக்கு எப்படித் தெரிந்தது?

மார்ச் 16, ஞாயிறு

அவளுடைய மகள் கூப்பிடுகிறாளாம். தொலைதூர நகரம், ஒன்பதாவது மாடி, லிஃப்ட் நின்றால் மனிதரும் நிற்க வேண்டிய வீடு.

"இருபத்தொன்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு, அண்ணி."

"போன தடவை ஜெயில்னு சொன்னியே."

"பழகிக்கலாம். பெத்த பொண்ணு. அவ மூஞ்சியைச் சுளிச்சாலும் எனக்கு வலிக்காது."

"சரி" என்றேன்.

சரியாம். எது சரி? இங்கே யார் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள்? அறைக்கு வந்து வெகுநேரம் புத்தகத்தின் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

கால் வலிக்கிறது, இன்று வரவில்லை என்றாள். பொய், காலையில் தோட்டம் வரை போய் வந்தவள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிக்கு ரப்பர் பட்டை ஒன்று தருவதாகப் பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்ததால், நான் மட்டும் போனேன்.

மேட்டில் — அதே நாற்றம்.

காரில் நான் மட்டும். பக்கத்து இருக்கை காலி. சீட் பெல்ட் காற்றைத்தான் கட்டிக்கொண்டிருந்தது.

ஐயோ. என்ன பண்ணியிருக்கேன் நான்? இருக்கிறது ரெண்டு பேர்னு எண்ணினேனே, மூணாவதா கார்னு ஒண்ணு இருக்கிறது எப்படித் தோணாம போச்சு? முதலாண்டுப் பிள்ளை இப்படி எழுதியிருந்தா விடைத்தாளைக் கிழிச்சு மூஞ்சியில எறிஞ்சிருப்பேனே!

நேரே மெக்கானிக்கிடம் போனேன். அவர் குனிந்து புகைக்குழாயைத் தட்டினார். உள்ளே கூழாங்கற்கள் உருளும் ஓசை.

"எத்தனை நாளா மேடம் நாறுது?"

"இந்த மாசம் முழுக்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நானும் ஃபில்டரை மாத்திட்டுக் குதிரைன்னு அளந்து விட்டேன்."

குழாயின் நடுவே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றொரு டப்பா இருக்கிறதாம். உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு. புகையிலுள்ள நஞ்சைக் குறைப்பது அதன் வேலை. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று சரியாக எரியாததால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்ந்து தேன்கூட்டைப் பொசுக்கி, உடைத்து, அடைத்துவிட்டது. மேடேறச் சிரமப்பட்டதும் அதனால். முட்டை நாற்றமும் அதனால்.

"அந்த டப்பாவைக் காலி பண்ணி வெறுங்குழாயா விட்டுடலாம், மேடம். நிறைய பேர் அப்படித்தான் ஓட்டறாங்க."

"என் வண்டியோட விஷத்தை ஊர் ஏன் குடிக்கணும்?"

"அப்போ புதுசுதான் போடணும். இந்த வயசான வண்டிக்கு அது ஜாஸ்தி. பேசாம தள்ளி விட்டுடுங்க."

"எனக்கும்தான் வயசாச்சு. அதுக்கு என்ன யோசனை வெச்சிருக்கீங்க?"

சிரித்துக்கொண்டே புதியதற்குச் சொல்லி அனுப்பினார். வந்துசேர ஒரு வாரத்துக்கு மேலாகும். அதுவரை மெதுவாக ஓட்ட வேண்டும். காய்ந்த புல்மீது நிறுத்தக் கூடாது, அந்த டப்பாவின் சூட்டில் தீப்பற்றும். விற்கும் பேச்சுக்கே இடமில்லை. பொடிசின் முழங்கால் இடிக்காமல் உட்கார அகலமான கதவும் பின்னுக்குத் தள்ளும் இருக்கையும் இந்தக் காரில்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிவிட்டாள். நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 19, புதன்

சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாறினது கார். நீ இல்லை."

மடிப்பதை நிறுத்தினாள். "அப்போ, நான்னு நினைச்சீங்களா?"

"நினைச்சேன்."

"அதான் முட்டைக்கோஸ் வாங்கலையா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும், அண்ணி. மேடு வந்தா உங்க மூக்கு சுருங்கும், கண்ணாடி இறங்கும். எனக்கு ஏது மூக்கு? உங்க மூஞ்சியைப் பார்த்துத்தானே நான் மோந்துக்கறேன்? குளிச்சுப் பார்த்தேன். பவுடர் போட்டுப் பார்த்தேன். உங்க மூஞ்சி மாறலை."

"அதான் சொல்றேனே. கார்."

"சரி, கார்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நான் போறேன்னதும் பழியைத் தூக்கி மாப்பிள்ளை மேல போடறீங்க. நல்ல மனசு உங்களுக்கு."

நல்ல மனசு! என்னை இதுவரை யாரும் இவ்வளவு அவமதித்ததில்லை. மெக்கானிக்கைப் போனில் பேசச் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவம், அவருக்கும் சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றாள்.

'அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க. சொன்னா தேவலைன்னு தோணற இடத்துலயும் சொல்ல மாட்டாங்க' என்று என்னைப் பற்றி உறவு முழுவதும் பறைசாற்றியவள் இவள்தான். என் வாழ்நாளில் முதன்முறையாக நாகரிகமாக நடந்துகொண்டேன். அதற்குக் கிடைத்தது இது.

மார்ச் 20, வியாழன்

மோப்பமில்லாதவளுக்கு நாற்றத்தை எவ்வாறு நிரூபிப்பது? நான் ஏவாத சாட்சி ஒருவர் வேண்டும். நானாகத் தேடிப் பிடித்து அழைத்து வந்தால், அந்தக் கணமே அவர் ஏவிய சாட்சியாகிவிடுகிறார்.

மார்ச் 22, சனி

பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டாள். நான் உதவவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஊருக்குப் போகும் முன் கடைசிப் பயிற்சி. மேட்டைத் தவிர்த்துப் போகப் பாதை கிடையாது. நடுமேட்டில் சிக்னல் விழுந்துவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள்.

நாற்றம் கிளம்பியது. நான் கண்ணாடியை இறக்கவில்லை. இறக்கினால் அவள் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு, சொத்தெல்லாம் பறிபோனாலும் அசையாதவளைப் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ சாலையைப் பார்க்கவில்லை. என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் பக்கத்துக் கண்ணாடியில் யாரோ படபடவென்று தட்டினார்கள். பின்னாலிருந்து பைக்கை உருட்டி வந்த ஒருவர். கழற்றிய ஹெல்மெட் கையில். பொடிசு கண்ணாடியை இறக்கினாள்.

"ஏம்மா, வண்டியா இது? முட்டை லாரி கவுந்த மாதிரி நாறுது! மனுஷன் பின்னாடி நிக்க வேண்டாமா?"

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் திகைத்தார். வயதைப் பார்த்து நாணியிருக்க வேண்டும். "இல்லைங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க —"

"தப்பாவே எடுக்கலை. நல்லாச் சொல்லுங்க. நாறுறது வண்டிதானே?"

"வண்டிதான். சைலன்சர்லேர்ந்து வருது."

"நான் இல்லையே?"

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் பக்கம் திரும்பி, கண்களாலேயே உதவி கோரினார். நான் உதவவில்லை.

"நீங்க எப்படிங்கம்மா... வண்டிதாங்க!"

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சிக்னல் மாறி, எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறிய பிறகுதான் விட்டாள்.

மேட்டின் உச்சி வரை சிரித்தாள். இறக்கத்தில் அழுதாள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. நாற்றத்தால்.

சமதரைக்கு வந்ததும், "அண்ணி" என்றாள்.

"ம்."

"நாளைக்கு நிஜமாவே நான் நாறினா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"மூக்கைச் சுருக்காம? வாயால?"

"வாயால."

"நாகரிகம் பார்க்க மாட்டீங்களே?"

"இனி இந்த ஜென்மத்துல இல்லை."

பயணத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. பெட்டி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. நானும் கேட்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

புதிய கன்வெர்ட்டர் வந்துவிட்டது; பிளக்குகளையும் மாற்றியாயிற்று. மெக்கானிக் இம்முறை குதிரையைப் பற்றிப் பேசவில்லை. "ஓடும் மேடம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மேட்டில் மாப்பிள்ளை முனகாமல் ஏறினார். உள்ளே பழைய இருக்கையின் வாசமும் என் வயதும் தவிர வேறெதுவும் இல்லை.

இரவு உணவுக்குப் பின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குழாயைப் பார்த்தபடியே, "இங்கேயே இருந்துடேன்" என்றேன்.

"என்ன, அண்ணி?"

"ஒண்ணுமில்லை."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா ஏன் என்னன்னு கேட்டே?"

"இன்னொரு தடவை சொல்லுவீங்களான்னுதான்."

தட்டைக் கழுவி அவளிடம் நீட்டினேன். வாங்கித் துடைத்தாள், அது காய்ந்த பின்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

பொடிசின் மகள் போனில் என்னிடம் குறைபட்டாள்: "அம்மா டிக்கெட்டை வேண்டாம்னுட்டாங்க, அத்தை. காரணம் கேட்டா, யாரோ பைக்குல வந்தவர் சொல்லிட்டாராம். யார் அத்தை அந்த ஆளு?"

தெரியாது என்றேன். உண்மைதானே.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாடிப்படியில் ஏறி இறங்கும் பயிற்சியைத் துணையின்றி முடித்துவிட்டு, மூச்சு வாங்க வந்து என்னருகே சோபாவில் சாய்ந்தாள்.

"போய்க் குளி. வேர்வை நாறுது" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா. தாங்க முடியலை."

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுதி சேராத ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே குளியலறைக்குப் போனாள்.