கோர்புலோ பாடத்தின் பின்பாதி

அனுப்புநர்:
வை. ஜெயரட்ணம்,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்,
(மகள் ரஞ்சினி வீடு)
கிளேட்டன், மெல்பேர்ண்.

பெறுநர்:
இரண்டாம் செயலாளர் அவர்கள்,
இலங்கை உயர் ஸ்தானிகராலயம்,
கன்பரா.

பொருள்: பிள்ளைகளுக்கு நான் சொன்ன உதாரணத்தால் என் மகன் கப்டன் வரதராஜா மீது விழுந்துள்ள சந்தேகத்தை நீக்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

தமிழில் எழுதினால் தாங்களே வாசிப்பதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். அந்த அன்பை நம்பி எழுதுகிறேன்.

1. ஞாயிறுதோறும் இங்குள்ள நம் பிள்ளைகளுக்கு மகளின் வீட்டில் தமிழ் படிப்பிக்கிறேன். எழுத்தை மட்டும் படிப்பித்தால் கொட்டாவி விடுவார்கள் என்பதால் சரித்திரக் கதைகளும் சொல்வதுண்டு. சென்ற மாதம் உரோமைத் தளபதி கோர்புலோவின் கதை சொன்னேன்.

2. அவர் ரைன் ஆற்றுக்கு அப்பால் வெற்றிமேல் வெற்றி பெறும்போதே, திரும்பி வரும்படி அப்போதைய மன்னரின் கட்டளை வந்தது. மனம் கசந்தாலும் திரும்பினார். சும்மா இருக்கும் படை கெட்டுவிடும் என்று வீரர்களைக் கொண்டு கால்வாய் வெட்டுவித்தார். பின்பு நீரோ மன்னருக்காக ஆர்மேனிய மலைகளில், கடுங்குளிரில், கூடாரங்களில் படையோடு தங்கினார். விறகு சுமந்த ஒரு வீரனின் கைகள் உறைந்து விறகோடு கழன்று விழுந்தனவாம். இதைச் சொன்னபோது பிள்ளைகள் தங்கள் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

3. ஆனால் கோர்புலோ என்ற பெயர் அவர்கள் வாயில் நிற்கவில்லை. உதாரணம் சொல்லியே காலமெல்லாம் படிப்பித்தவன் நான். சுவரில் இராணுவ உடையில் என் மகனின் படம் இருந்தது. வரதன் மாமாதான் அந்தத் தளபதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கரும்பலகையில் வரதன் என்று எழுதி, அதன் கீழே பெரிய படை, பொறாமை பிடித்த இளம் மன்னர் என்றும் எழுதினேன். இனித் தளபதி என்ன செய்வார் என்று கேட்டேன். ஒரு சின்னப் பெண், படையோடு போய் அரண்மனையைப் பிடிப்பார் என்று இங்கிலீசில் கத்தினாள். பிள்ளைகள் சொல்லும் எந்த விடையையும் தள்ளிவிடாமல் பலகையில் எழுதுவது என் வழக்கம். அதையும் தமிழில் எழுதி, கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தேன். பிறகு தேநீருக்குக் கலைந்தோம்.

4. அன்று கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கனவான் பின்கதிரையில் இருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று தேநீரும் குடியாமல் போய்விட்டார். பலகையைப் பார்த்தவர் பின்பாதியைக் கேட்கவில்லை. என்னிடம் ஒரு சொல் விசாரிக்காமல், கண்டதை மேலிடத்துக்கு எழுதிவிட்டார் என்பதே என் முறைப்பாடு.

5. மருமகள் சத்தியபாமாவின் கடிதம் நேற்று வந்தது. மெல்பேர்ணில் உன் தகப்பன் யாருடைய அரண்மனையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்று மேலதிகாரிகள் மகனிடம் கேட்டிருக்கிறார்கள். அவனுடைய கைத்துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது மிகவும் மரியாதையான வார்த்தைகளில் கொழும்புக்கு ஓர் அழைப்பு. அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறான். நாட்டில் அவசரகாலச் சட்டம் நடக்கிறது. அழைத்தவர்கள் அவனைத் திருப்பி அனுப்பாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது, ஐயா? வாசலில் கார் நின்றாலே எழுந்து போய் யன்னலால் பார்க்கிறேன்.

6. பின்பாதி இதுதான். கோர்புலோ அரண்மனையைப் பிடிக்கவில்லை. கீழைத் தேசப் படை முழுவதும் தம் சொல்லைக் கேட்கும் நிலையிலும், மன்னர் கிரேக்க நாட்டுக்கு அன்போடு அழைத்தபோது, படையை விட்டுவிட்டுக் கப்பலேறினார். தேநீருக்குப் பிறகு இதைச் சொல்லி, அந்தச் சின்னப் பெண்ணின் விடைக்குக் கீழே விசுவாசம் என்று எழுதினேன். பெற்றோர்கள் சாட்சி சொல்ல ஆயத்தமாக இருக்கிறார்கள்.

7. கப்பல் கரைசேர்ந்ததும் நடந்ததைத் தாங்கள் வாசித்திருக்கக்கூடும். சாகும்படி உத்தரவு அங்கே காத்திருந்தது. சிறுபிள்ளைகள் என்பதால் அதைச் சொல்லவில்லை, கப்பலேறியதோடு நிறுத்தினேன். என் மகன் குற்றமற்றவன் என்று காட்ட எனக்கு இந்தக் கதையை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. அதன் முடிவோ இது.

ஆகவே, உதாரணம் என்னுடையது, அவனுக்கு அதில் பங்கில்லை என்று வெள்ளிக்கிழமைக்கு முன் கொழும்புக்குத் தந்தி கொடுக்கும்படி கைகூப்பிக் கேட்கிறேன். விசாரணை வேண்டுமானால் என்னை அழையுங்கள். உடனே கன்பராவுக்கு வருகிறேன்.

அந்தச் சின்னப் பெண் என்னைக் காணும்போதெல்லாம், வரதன் மாமா கப்பலால் இறங்கிவிட்டாரா என்று கேட்கிறாள்.

தங்கள் தயவை எதிர்பார்த்திருக்கும்,
வை. ஜெயரட்ணம்
(கையொப்பம்)

இடம்: கிளேட்டன்
திகதி: 14 யூலை 1974