சுகன்யா கள்ளி இல்லை, மகள்

என் கண்ணான ஜெனிற்றாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை கண்டால் சிரிக்காதே. இதை உன் கல்லறையடியில் வந்து வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு பிள்ளையைக் கள்ளி என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். அது பொய் என்பதையும் நாலு பேர் கேட்கத்தானே சொல்ல வேண்டும்? அதனால்தான் இதைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன். நீ தலைமன்னாரில் நம் வீட்டு அறையில் இருந்தபடியே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குக் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதினாய். அதோடு நம் கரைக்கென்றும் ஒன்று செய்து வைத்திருந்தாய். பின்னேரமானால் உன் கொம்பியூட்டர் வெளிநாட்டில் எங்கோ இருக்கிற இன்னொன்றிடம் நாளைய காற்று எப்படி என்று கேட்டு, அதை நம் பேச்சில் எழுதிக் கரைப் பெண்களின் போனுக்கு அனுப்பும். "சோழகக் காத்து கடுமை. வள்ளம் இறக்க வேண்டாம்." பக்கத்து வீட்டு மெசலின் மாமி அதை வாசித்துவிட்டு, "இனி உந்த மனிசன் நாளைக்கு முழுக்க வீட்டில. தேத்தண்ணி ஊத்தியே என்ரை கை தேயப்போகுது" என்பாள். நீ அறைக்குள் இருந்து சிரிப்பாய்.

காய்ச்சல் உன்னை ஒரு கிழமைக்குள் கொண்டுபோய்விட்டது. பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் உன் தலைமாட்டில் விளக்கு வைக்க பிளக் தேடினார்கள். நான்தான் உன் கொம்பியூட்டரின் வயரைப் பிடுங்கி இடம் கொடுத்தேன். அடக்கம் முடிந்து வந்ததும் அறையைப் பூட்டினேன். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அந்தக் கதவை ஒருவரும் தொடக்கூடாது என்றேன்.

பூசைக்குப் பிறகு மெசலின் மாமிதான் முதலில் கேட்டாள். "கேக்கவே கூச்சமாக் கிடக்கு அக்கா. காத்துச் செய்தி இனி வராதோ?" பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களின் ஆண்களும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கும் ஆசை வந்தது. நீ செய்தது நடக்கட்டும் என்று அறையைத் திறந்து, பிளக்கைப் போட்டு, ஆன் பட்டனை அமத்தினேன்.

அது எழும்பியது. ஆனால் காற்று வரவில்லை. சிவப்பில் இங்கிலிசு எழுத்து வந்தது. மெசலின் மாமி விரலை வைத்து வாசித்தாள். "தொடர்பு பாதுகாப்பில்லையாம் அக்கா. உங்கடை விபரத்தை ஆரோ களவெடுக்கப் பாக்கினமாம்."

களவு என்று கேட்டதும் எனக்குக் கண் தெரியவில்லை, மகள். யார் இதில் கடைசியாக இருந்தது என்று நினைத்தேன். உன்னோடு படித்த சுகன்யா. செத்த வீட்டன்று காலை, வயர் பிடுங்கமுதல், உன் கதிரையில் குந்தியிருந்து கொம்பியூட்டரின் எழுத்துத் தட்டில் கையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். என் கண்ணால் கண்டேன். அவளும் உன்னைப் போல இதே வேலை தெரிந்தவள்தானே.

போனை எடுத்தேன். மூன்று பேரும் கேட்கத்தக்கதாகச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "என்ரை பிள்ளை பெட்டிக்குள்ள கிடக்கேக்க அவளின்ரை சாமானைக் கிண்டின கள்ளி நீதானே?"

 "அன்ரி, நான் ஒண்டும் எடுக்கேல்லை. அதில மேல என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா..." என்றாள். நான் போனை வெட்டிவிட்டேன்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அக்கா" என்றாள் மெசலின் மாமி. அதுவும் எனக்கு ஏறவில்லை. மறுநாளே கரை முழுக்கக் கதை. சுகன்யாவின் ஊரான பாப்பாமோட்டைப் பக்கம் மீன் விற்கப் போகிறவர்கள் கூடையோடு அதையும் கொண்டுபோனார்கள். அவளின் தாய் வயலில் நின்றபோது யாரோ கேட்டார்களாம், "உன்ரை மகள் செத்த வீட்டில என்ன எடுத்தவள்?"

அடுத்த கிழமை சுகன்யா பஸ்ஸில் வந்தாள். படலையைத் திறக்கவில்லை. "உள்ள வரட்டோ அன்ரி? இல்லாட்டி அதை வெளியில கொண்டு வாங்கோ. நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ, நான் கை வைக்கமாட்டன். சொல்லித் தாறன்."

உள்ளே கூட்டி வந்தேன். உன் கதிரையில் அவள் இருக்கவில்லை, என்னை இருத்தினாள். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மூலையில இருக்கிற திகதியை வாசியுங்கோ அன்ரி."

வாசித்தேன். அது எத்தனையோ வருசத்துக்கு முந்திய திகதி.

அவள் மெதுவாக விளங்கப்படுத்தினாள். கரண்டு இல்லாதபோது திகதியை நினைவில் வைக்க உள்ளே ஒரு சின்னப் பற்றறி இருக்கிறதாம். அது பழசு, செத்துப்போய்விட்டது. நான் வயரைப் பிடுங்கிப் பூட்டி வைத்ததில் கொம்பியூட்டர் நாளை மறந்துவிட்டது. தானாகத் திகதி எடுக்கிறதையும் நீ எதற்கோ நிற்பாட்டி வைத்திருந்தாயாம். இரண்டு கொம்பியூட்டர் இரகசியமாகக் கதைக்கமுதல் ஒன்று மற்றதற்கு அடையாள அட்டை மாதிரி ஒன்றைக் காட்டுமாம். அதில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரைக்கும் செல்லும் என்று இருக்குமாம். "அந்தப் பக்கம் காட்டினது நல்ல அட்டைதான் அன்ரி. இதின்ரை கணக்கில அந்த அட்டை இன்னும் குடுபடவேயில்லை. அதுதான் கள்ளன் எண்டு மறிச்சு வைச்சிருக்கு."

அட்டை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. சண்டைக் காலத்தில் சென்றியில் ஆமிக்காரனுக்கு முன்னால் நல்ல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவள் நான். அட்டையைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான், நம்பமாட்டான். அந்தக் கூச்சத்தை இன்னும் மறக்கவில்லை. அப்படியிருந்தும் உன் சிநேகிதியை நான் அதே மாதிரி நிற்க வைத்தேனே. எந்த முகத்தோடு அவளைப் பார்க்கிறது?

"திகதியை மாத்தினாச் சரிவரும். நீங்களே மாத்துங்கோ" என்றாள்.

மாற்றக் கை வரவில்லை, மகள். அந்தத் திகதியில் நீ உயிரோடு இருந்தாய். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்திருப்பாய்.

"இப்பிடியே விட்டால் என்ன பிள்ளை?"

"விட்டால் அது ஒருத்தரையும் நம்பாது, அன்ரி."

அம்பு மாதிரி ஒன்றை அமத்த அமத்த ஒவ்வொரு மாதமாக முன்னுக்கு வந்தது. நீ போன மாதம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. சுகன்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அமத்துங்கோ அன்ரி" என்றாள்.  அமத்தினேன். அதைத் தாண்டி இன்றைய நாளுக்கு வந்தேன்.

சிவப்பு போனது. கொஞ்ச நேரத்தில் என் போன் சத்தம் போட்டது. நீ எழுதி வைத்த அதே பேச்சு, நாளைக்குக் கடல் நல்லது என்று. மெசலின் மாமிக்கும் வந்திருக்க வேண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது கேட்டது. சுகன்யா புதுப் பற்றறி போட வேண்டும் என்றும், தானாகத் திகதி எடுக்கிறதைத் திரும்பப் போட எங்கே அமத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, சத்தம் வெளியில் வரவில்லை. ஏசும்போது போனில் சத்தத்தைக் கூட்டத் தெரிந்தது, இதற்குத் தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். "பஸ் போயிடும் அன்ரி" என்றாள். தொடாமலே போய்விட்டாள்.

நீ இருந்திருந்தால் என்னோடு எத்தனை நாள் கதைக்காமல் இருந்திருப்பாய்? பிடிவாதக்காரி நீ.

வாற ஞாயிறு பூசை முடியப் பாப்பாமோட்டைக்குப் போகிறேன். அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்ற மூன்று பேரையும் வரச்சொல்லியிருக்கிறேன், வருகிறார்கள். சுகன்யாவின் தாய்க்கு முன்னால், அவர்களின் அயல் கேட்க, "உன் பிள்ளை ஒன்றும் எடுக்கவில்லை, பிழை என்னுடையது" என்று சத்தமாகச் சொல்வேன். அந்தத் தாய் என்ன ஏசினாலும் குறுக்கே கதைக்காமல் கேட்பேன். மன்னிக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். இது உனக்குத் தருகிற சத்தியம்.

தலைகுனிந்து நிற்கும்,
உன்னைப் பெற்ற அம்மா