தொப்புளுக்குக் கீழே ஒற்றை உறை

லூசி, என் கண்ணே,

எழுபத்திரண்டாம் வருஷம் நீ போனாய். மூன்று வருஷமாகிவிட்டது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆபரேஷன் செய்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

உன் சிசேரியனைப் பெரிய டாக்டரம்மாதான் செய்தார். குழந்தையை எடுத்ததும், "ரெஜினா, நீ மூடிடு" என்று எனக்கு இடம் விட்டார். தொப்புளுக்குக் கீழே நேராகக் கீறிய வயிறு. நடுவில் இரண்டு நீளத் தசைகள். மேல்வயிற்றில் அவற்றுக்கு முன்னும் பின்னும் கெட்டியான உறை உண்டு. தொப்புளுக்குச் சற்றுக் கீழே பின்னுறை நின்றுவிடும். அங்கே தாங்குவது முன்னுறை ஒன்றுதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். அந்த உறையை நான்தான் தைத்தேன். சரியாகத்தான் தைத்தேனா?

ஏழாம் நாள் காலை, உனக்கு ஓயாத இருமல். "அக்கா, கட்டு நனைஞ்சிருக்கு. ரோஸ் கலர்ல தண்ணி" என்றாய். உள்ளே உறை பிரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதையும் படித்திருந்தேன். "ஓ.பி. முடிச்சிட்டு வந்து பார்க்கறேன்டி" என்றேன்.

வந்தபோது தையல் விட்டுக் குடல் வெளியே வந்திருந்தது. நர்ஸ் ஈரத்துணியால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி தைத்தோம். சீழ் பிடித்தது. அதிலிருந்து ஐந்தாம் நாள் நீ இல்லை.

அந்தக் காலையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாசம், ஊரூர் குப்பத்துக்காரி ஒருத்தி, சிசேரியன் ஆகி ஆறு நாள். "இன்னாமோ தண்ணியா வருது டாக்டரம்மா, துணியெல்லாம் நனைஞ்சி கீது" என்றாள். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனேன். உறை பிரிந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. தைத்தேன். பிழைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. அவள் வீட்டுக்குப் போன அன்று சாயங்காலம், நேராக அடையாறில் உன் வீட்டுக்குப் போனேன்.

உன் வீட்டுக்காரர் அருள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணி. 'அக்காகிட்ட சொல்லியாச்சு, வந்துடுவா'ன்னு லூசி சொன்னா. நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

"மூணு வருஷமா ஏன் கேட்கல?"

"கேட்டா நீங்க இங்க வர்றதை நிறுத்திடுவீங்க. பாப்பாவுக்கு வேற யாரு இருக்கா?"

பாப்பா என் கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் அப்போதும் அழவில்லை.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாள் அவள் கேட்பாள். பதில் சொல்வதை அருள் தலையில் கட்டமாட்டேன். நான் வராமல் போன அந்தக் காலையையும் சேர்த்து, நானே சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாளோ, மாட்டாளோ. சொல்வேன், லூசி.

உன் அக்கா,
ரெஜினா